சராசரி நண்டு என்று ஒன்றில்லை

பெற்றோர் கூட்டங்களில் நாம் ஆசிரியர்கள் அதிகம் உச்சரிக்கும் சொல் "சராசரி". "உங்கட புள்ள வகுப்புச் சராசரிக்குக் கீழ" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம். அந்த வாப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நாம் கேட்டதில்லை.

உயர்தர உயிரியலிலும் இதே பழக்கம்தான். சோடியம் அயன் உள்ளே, பொற்றாசியம் அயன் வெளியே, கரும்பலகையில் ஒரே ஒரு வளைகோடு. எல்லா நரம்புக்கலமும் அப்படித்தான் என்று பிள்ளைகள் பாடமாக்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவின் பிரான்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டர் பல தசாப்தங்களாக நண்டு, சிங்க இறால்களின் இரைப்பையை இயக்கும் நரம்புத்திரட்டை ஆராய்ந்து வருகிறார். "நண்டுட வயித்தப் பாத்து என்ன கிடைக்கப் போகுது சேர்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதில் இருப்பது ஏறக்குறைய 30 நரம்புக்கலங்கள்தான். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காணலாம், இன்னொரு நண்டில் அதே கலத்தைத் தேடிப்பிடித்து ஒப்பிடலாம். நமது மூளையில் அது முடியாது.

ஒப்பிட்டபோது, ஒரே கலத்தின் அயன் மின்னோட்டங்கள் நண்டுக்கு நண்டு 2 முதல் 4 மடங்கு வரை வேறுபட்டன. இரைப்பையின் தாளமோ எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் ஒரு பொற்றாசிய ஓட்டம் கூட, மற்றொன்றில் குறைய. வேறு ஓட்டங்கள் அதை ஈடுசெய்கின்றன. 2004 இல் இவரது குழு கணினியில் 2 கோடிக்கு மேற்பட்ட வலையமைப்பு மாதிரிகளைப் பரீட்சித்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவை உயிருள்ள விலங்கில் அளந்த தாளத்தைத் தந்தன.

நம்மை நிறுத்தி வைத்தது 2002 ஆய்வு. ஒரேமாதிரி இயங்கும் பல மாதிரிக் கலங்களை எடுத்து, அவற்றின் அளவுகளைச் சராசரியாக்கி ஒரு கலத்தை அமைத்தார்கள். அது அவற்றைப் போல இயங்கவில்லை!

எப்படியிருந்தாலும் சரி என்று இதற்குப் பொருளில்லை. அந்த 2 கோடியில் பெரும்பாலானவை தோற்றுத்தான் போயின. பிள்ளை நண்டும் இல்லை. பரீட்சைக்குப் புள்ளி வேண்டும், அதை மறைக்கவும் கூடாது. ஆனால் கணக்கில் 40 எடுத்த இரு பிள்ளைகளில் ஒருவருக்குப் பின்னமே விளங்கவில்லை, மற்றவருக்கு வினாவை வாசிக்க முடியவில்லை என்றால், "சராசரிக்குக் கீழ" என்பது இருவருக்கும் எதைச் சொல்கிறது?

அடுத்த தவணை அறிக்கையில் வகுப்புச் சராசரி நிரலுக்குப் பதிலாக, பிள்ளைக்கு எங்கே தடங்குகிறது என்று இரண்டு வரி எழுதலாமா என்று நாம் சில ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலை கூடும், தெரியும். பெற்றோரே, உங்கட கருத்தைக் கீழே எழுதுங்கள்.