வருணன் என்ன செய்வான்?

2019-ம் வருஷக் கோடையில், சென்னைப் பட்டணத்திற்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய அடியோடு வற்றிவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேற்றிக் குடிதண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. அப்போது நம்மவர்கள் செய்த காரியமென்ன? கோவில்களில் மழை வேண்டி யாகம் வளர்த்தார்கள்!

முந்திய வருஷம் பருவமழை குறைந்தது மெய்தான். ஆனால் 2015 டிசம்பரில் இதே பட்டணம் வெள்ளத்தில் மிதந்ததே, அந்த ஜலமெல்லாம் எங்கே போயிற்று? கடலுக்குத்தான் போயிற்று. அது தங்கவேண்டிய ஏரிகளையும், பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதியையும் மண்கொட்டி மூடி வீடு கட்டியவன் வருணனா, மனிதனா?

பூமிக்கடியில் இருப்பதும் அப்படியே. பணமுள்ளவன் ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் இறக்கிக்கொண்டே போகின்றான். பக்கத்துக் குடிசையின் கைப்பம்பு காற்றைக் கக்குகின்றது. மாடி வீட்டுக் கக்கூசின் பழைய தொட்டியை ஒரு தரம் இழுத்தால் சுமார் 10 லிட்டர் போய்விடும். ஏறக்குறைய அந்த ஒரு குடத்திற்காகத்தான் பெண்கள் நடுராத்திரியில் லாரிக்குக் காத்து நின்றார்கள். சிக்கனத்தைப்பற்றிய உபதேசமும் அவர்களுக்கேதான் நடந்தது, வெட்கக்கேடு!

மழைநீரைச் சேமிக்க வேண்டுமென்று வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கி 2003-லேயே சட்டம் வந்தது. குழாய் வைத்தவர்கள் அநேகர். குழியில் அடைத்துக்கொண்ட மண்ணை வருஷத்திற்கு ஒருமுறையாவது அள்ளினவர்கள் எத்தனை பேர்? யாகத்தில் கொட்டிய நெய்யின் விலை அந்தக் கூலிக்குப் போதுமே!