அவருக்கு விமானம்... உனக்குப் புழல்!

"ஹஸ்ரத், இந்தக் காசு ஹலாலா?"

காட்டுப்பள்ளித் துறைமுகப் பகுதியில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஜும்ஆ முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்ட கேள்வி இது. கைப்பேசியில் அவருக்குப் புதிதாக ஒரு நண்பர் கிடைத்திருக்கிறார். வெளிநாட்டு எண், அழகான தமிழ். கடல்சார் ஆய்வு நிறுவனத்தில் வேலை என்கிறார். கரையில் நிற்கும் கப்பல்களைப் படம் எடுத்து, எந்தக் கப்பல் என்றைக்கு வந்தது, என்றைக்குப் போகிறது என்று எழுதி அனுப்பினால் ஒரு படத்துக்கு மூவாயிரம் ரூபாய்! தம்பிக்குத் தங்கையின் திருமணக் கடன் இரண்டு லட்சம். வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்.

"அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டேன். "இல்லை ஹஸ்ரத், மனசு உறுத்துகிறது" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! அந்த உறுத்தல்தான் அவரைக் காப்பாற்றியது. அந்த வெளிநாட்டு நண்பர் யார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அயல்நாட்டு உளவு அதிகாரி எப்படி வேலை செய்வார் என்பது தெரியும். அதை நம் இளைஞர்களும் வியாபாரிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

துப்பாக்கி அல்ல, பேனா!

உளவு அதிகாரி என்றதும் நம் பிள்ளைகள் மனதில் வருவது சினிமாதான். ஓடும் ரயிலில் சண்டை, வெடிக்கும் கார், பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் கதாநாயகன். 2013ல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து நாம் வீதிக்கு வந்தோம். ஆனால் சினிமா காட்டும் உளவாளிக்கும் நிஜ உளவாளிக்கும் உள்ள தூரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? இல்லை.

நிஜத்தில் அவர் ஒரு அலுவலகக்காரர். தூதரகத்தில் விசாப் பிரிவிலோ, வர்த்தகப் பிரிவிலோ, கலாச்சாரப் பிரிவிலோ அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. பகலெல்லாம் மற்ற ஊழியர்களைப் போல அந்த நாற்காலியின் வேலையைச் செய்வார். விருந்துகளுக்குப் போவார், முகவரி அட்டை கொடுப்பார், பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்வார். மாலையில் ஒரு மனிதரை அரைமணி நேரம் சந்திக்க வேண்டுமானால், யாராவது பின்தொடர்கிறார்களா என்று பார்க்க மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றுவார். இரவில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவார். எங்கே சந்தித்தோம், என்ன பேசினான், எவ்வளவு கொடுத்தோம், அவன் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார். தன் பிள்ளைகளிடம்கூட வேலையைப் பற்றி உண்மை சொல்ல முடியாத வாழ்க்கை அது.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. அகழ்ப்போர் நடந்த ஹிஜ்ரி 5ல், எலும்பை உறைய வைக்கும் குளிரிலும் சூறைக்காற்றிலும் எதிரிகளின் முகாமுக்குள் அனுப்பப்பட்டவர் ஹுதைஃபா (ரலி). செய்தி அறிந்து வர வேண்டும், எதிரிகளைச் சீண்டி விடக்கூடாது என்பதே நபி (ஸல்) அவர்கள் கொடுத்த கட்டளை. அபூசுஃப்யான் நெருப்பில் முதுகைக் காய வைத்துக்கொண்டு அம்பு எய்யும் தூரத்தில் இருந்தார். வில்லில் அம்பைப் பூட்டிய ஹுதைஃபா (ரலி) கட்டளை நினைவுக்கு வந்து கையை இறக்கினார். செய்தியோடு திரும்பினார். உளவு என்பது அன்றும் இன்றும் அதுதான்: சண்டை அல்ல, செய்தி!

அவர் தேடும் சரக்கு நீதான்

அயல்நாட்டில் இருக்கும் உளவு அதிகாரி தானே போய்க் கப்பலைப் படம் எடுக்க மாட்டார். கப்பலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளைத் தேடுவார். தேடுவது, எடை போடுவது, பழகுவது, வளைப்பது என்று அவருடைய தொழிலுக்கு நான்கு படிகள். ஆளை வளைக்க நான்கு கயிறுகள்: காசு, கொள்கை, மிரட்டல், கர்வம். இவற்றில் அதிகம் பயன்படுவது காசுதான்.

சகோதரர்களே! நடந்ததைப் பாருங்கள்.

1985 ஜனவரியில் டெல்லி அதிர்ந்தது. பிரதமர் அலுவலகக் கோப்புகளே நகல் எடுக்கப்பட்டு வெளிநாட்டுத் தூதரகங்களுக்குப் போயிருந்தன. விற்றவர்கள் சிறிய ஊழியர்கள். வாங்கிக் கைமாற்றியவர் ஒரு வணிக நிறுவனத்தின் பிரதிநிதி. கூலி, பணமும் மதுப் புட்டிகளும்! பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்ஸாண்டர் பதவி விலகினார். பிரெஞ்சுத் தூதரகத்தின் ராணுவ அதிகாரி நாட்டை விட்டுப் போனார். நம் நாட்டு ஊழியர்களோ நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கி, 2002ல் தண்டனை பெற்றார்கள்.

நம் சென்னையிலேயே 'ரா' அமைப்பின் பொறுப்பாளராக இருந்த கே.வி. உன்னிகிருஷ்ணன் 1987ல் கைது செய்யப்பட்டார். இலங்கைப் பிரச்சினை கொதித்துக் கொண்டிருந்த நேரம். இந்தியாவின் ரகசியங்களை அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வுக்குக் கொடுத்தார், பெண் தொடர்பைக் காட்டி அவரை மடக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வலை வீசுவதையே தொழிலாகக் கொண்டவர் வலையில் விழுந்தார் என்றால், கடனில் தவிக்கும் சாதாரணத் தொழிலாளி எம்மாத்திரம்?

2012 செப்டம்பரில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரியைத் திருச்சியில் கியூ பிரிவு போலீஸார் கைது செய்தார்கள். இலங்கைக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றுமதி செய்தவர். கொழும்பில் உள்ள பாகிஸ்தான் தூதரகத்தினருக்காகப் படங்கள் சேகரித்தார் என்பது போலீஸாரின் குற்றச்சாட்டு. 2014 ஏப்ரலில் இலங்கையைச் சேர்ந்த ஒருவர் சென்னையில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு அதே ஆண்டு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இந்த வழக்கின் தொடர்ச்சியாகக் கொழும்புத் தூதரகத்தில் விசா ஆலோசகராக இருந்த ஒரு பாகிஸ்தான் அதிகாரியின் பெயரை 2018ல் என்.ஐ.ஏ. தேடப்படுவோர் பட்டியலில் வெளியிட்டது. ஆனால் இந்திய நீதிமன்றக் கூண்டில் அவர் நிற்கவில்லை!

2016 அக்டோபரில் டெல்லி மிருகக்காட்சி சாலை அருகே பாகிஸ்தான் தூதரக விசாப் பிரிவின் ஊழியர் ஒருவர் பிடிபட்டார். சட்டைப் பையில் போலி ஆதார் அட்டை! தூதரகத்துக்காரர் என்று தெரிந்ததும் சில மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டு நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். அவருக்கு ஆவணம் கொடுத்ததாகப் பிடிபட்ட ராஜஸ்தான்காரர்கள் இருவரும் சிறைக்குப் போனார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து.

இதில்தான் பாடம் இருக்கிறது. 1961ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக அதிகாரியைக் கைது செய்து வழக்கு நடத்த முடியாது, 'வேண்டாதவர்' என்று அறிவித்து வெளியேற்றத்தான் முடியும். அவருக்கு விமானம், உனக்குப் புழல்! அவருடைய அரசு அவருக்கு வேறு ஊரில் வேறு நாற்காலி கொடுக்கும். உன் தாய் மனுப் பார்க்கச் சிறை வாசலில் வரிசையில் நிற்பாள்.

தூதரகப் பாதுகாப்பு இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பிடித்தமான வேடம் எது தெரியுமா? வியாபாரி வேடம்! மொஸாத் அனுப்பிய எலி கோஹென், 1962ல் அர்ஜென்டினாவிலிருந்து திரும்பிய அரபு வணிகராக டமாஸ்கஸுக்குள் நுழைந்தான். பெரிய மனிதர்களுக்கு விருந்து வைத்தான், நட்பாக்கினான், வீட்டிலிருந்தே வானொலிக் கருவியில் செய்தி அனுப்பினான். 1965 மே மாதம் அதே நகரத்தின் சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டான். அவனோடு விருந்துண்டவர்களின் கதி என்ன ஆனது? விருந்துண்ட கை, விசாரணையில் நடுங்கிய கை ஆனது.

சட்டம் சொல்வது என்ன?

"பொது இடத்தில் நின்று எடுத்த படம்தானே, இதில் என்ன ரகசியம்?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காட்டுப்பள்ளி இன்று வெறும் மீன்பிடிக் கரை அல்ல. கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல்கள் இங்கே கட்டப்பட்டன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' கப்பல் பழுது பார்க்க இங்கேதான் வந்தது. இந்தியாவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. இப்படிப்பட்ட கரையில் ஒரு கப்பலின் வருகைத் தேதிக்கும் விலை உண்டு.

வெள்ளைக்காரன் 1923ல் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பாதுகாப்புத் தொடர்பான உளவுக்குப் பதினான்கு ஆண்டுகள் வரை சிறை. அரசின் கப்பலும் கடற்படைத் தளமும் அந்தச் சட்டத்தில் 'தடைசெய்யப்பட்ட இடம்'. குறிப்பிட்ட செயலை நிரூபிக்காவிட்டாலும், சூழ்நிலையையும் நடத்தையையும் வைத்தே தண்டிக்க மூன்றாம் பிரிவு இடம் தருகிறது. அயல்நாட்டு ஏஜெண்டின் பெயரோ முகவரியோ உன்னிடம் இருந்தால், அவனோடு தொடர்பில்லை என்று நிரூபிக்கும் சுமையை நான்காம் பிரிவு உன் தலையில் வைக்கிறது. இது கொடுமையான சட்டம், மாற்றப்பட வேண்டிய சட்டம். ஆனால் மாறும் வரை அதன் வாயில் தலையைக் கொடுக்கலாமா?

எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் பட்டம்?

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டெல்லியில் 1985ல் பிடிபட்டவர்களின் சாதியையோ மதத்தையோ யாரும் கேட்கவில்லை. 2019 டிசம்பரில், முகநூல் பெண்களிடம் மயங்கி ரகசியம் கொடுத்ததாகக் கடற்படைச் சிப்பாய்கள் ஏழு பேர் கைதானார்கள். அவர்களுடைய தெருக்களைத் 'தேசத்துரோகத் தெரு' என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எழுதவும் கூடாது! ஆனால் பிடிபட்டவர் பெயர் முஸ்லிம் பெயராக இருந்துவிட்டால் மண்ணடிக்கும் ராயபுரத்துக்கும் ஏன் பட்டம் சூட்டப்படுகிறது? வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் நம் பிள்ளை ஏன் தலைகுனிய வேண்டும்?

உளவு வழக்கு என்ற பெயரில் அப்பாவிகளின் வாழ்க்கை அழிந்ததையும் இந்த நாடு பார்த்தது. 1994ல் இஸ்ரோ வழக்கில் விஞ்ஞானி நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டார். மாலத்தீவைச் சேர்ந்த இரண்டு முஸ்லிம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடினார்கள். வழக்கில் உண்மை இல்லை என்று 1996ல் சி.பி.ஐ. சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் நம்பி நாராயணனுக்கு ஐம்பது லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் இழந்த நாட்களுக்கு யார் இழப்பீடு கொடுத்தார்கள்? ஆகவே பத்திரிகைகளுக்கும் காவல்துறைக்கும் சொல்கிறோம்: குற்றம் செய்தவனைச் சட்டப்படி தண்டியுங்கள், சமுதாயத்தைக் கூண்டில் ஏற்றாதீர்கள்!

முதலில் தேட வேண்டியவர்கள் நாம்

மக்கா வெற்றிக்கு முன், பத்ருப் போரில் கலந்துகொண்ட நபித்தோழர் ஹாத்திப் (ரலி) ஒரு பெண்ணிடம் கடிதம் கொடுத்து, முஸ்லிம்களின் படை வருவதைக் குறைஷிகளுக்குத் தெரிவிக்க முயன்றார். அலீ (ரலி) உள்ளிட்ட தோழர்கள் பாதி வழியில் கடிதத்தைக் கைப்பற்றினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஹாத்திபிடம் முதலில் கேட்டது காரணத்தைத்தான். மக்காவில் ஆதரவின்றி இருக்கும் தம் குடும்பத்தைக் காப்பதற்காகச் செய்தேன் என்றார் அவர். நபியவர்கள் அவருடைய உண்மையை ஏற்றுக்கொண்டார்கள். ஈமான் உள்ளவனையும் குடும்பக் கவலை எங்கே இழுத்துச் செல்லும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

அந்நிய அதிகாரியின் தொழிலே, நம் தெருவில் யாருக்குக் கடன் இருக்கிறது, யாருக்கு மனக்கசப்பு இருக்கிறது என்று தேடுவதுதான். அவன் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தேடுகிறான். பக்கத்து ஸஃப்பில் நிற்கும் நாம் தேடினோமா? பள்ளிக்குப் பளிங்குக் கல் பதிக்க லட்சங்கள் திரட்டும் ஜமாஅத்துகளே, பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? நாம் கொடுக்காத இரண்டு லட்சத்தைக் கொடுக்க வேறொருவன் காத்திருக்கிறான் என்பதை மறவாதீர்கள்.

இளைஞர்களே! முகம் தெரியாதவருக்குப் படமோ, கப்பல் விவரமோ அனுப்பாதீர்கள். உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கி யாருக்கும் கொடுக்காதீர்கள். கொழும்புக்கும் துபாய்க்கும் 'குருவி'யாகப் போய் வருகிறவர்களே, பிரித்துப் பார்க்காத பொட்டலத்தைச் சுமக்காதீர்கள். சந்தேகமான அழைப்பு வந்தால் அழித்துவிடாமல், ஜமாஅத் பொறுப்பாளரிடமும் வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். போலீஸ் விசாரணைக்கு அழைத்தால் ஓடி ஒளியாமல் வழக்கறிஞரோடு போங்கள். கைது செய்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ம் பிரிவு உங்களுக்குத் தந்த உரிமை.

அந்தத் தம்பிக்கு என்ன பதில் சொன்னேன்? "வாங்குகிறவன் யார், எதற்கு என்று தெரியாத வியாபாரத்தில் பரக்கத் இல்லை. நீங்கள் உப்பைத் தின்னும் ஊரின் அமானிதம் அது, விற்பதற்கு உங்களுடையதல்ல" என்றேன். மறுநாளே வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துப் போய்க் கைப்பேசியைக் காட்டினோம். அந்த வாரமே மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து வட்டிக்காரரின் கணக்கை முடித்தார்கள். தம்பி மாதம் ஐயாயிரமாக அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து வருகிறார்.

மூன்று கடைக்காரர்களால் முடிந்தது ஒரு மஹல்லாவால் முடியாதா? இன்ஷா அல்லாஹ், முடியும். அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் பள்ளியில் இந்தக் கணக்கைத் தொடங்குங்கள்.