கேட்காத காது யாருடையது?

மலையகத்தில் மண் சரிந்து உயிர்கள் போகும் ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து ஒரு வாக்கியம் தவறாமல் வந்து சேரும். "முன்கூட்டியே எச்சரித்திருந்தோம், மக்கள் கேட்கவில்லை" என்பதே அது. பத்திரிகைச் செய்தி மேசையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். அமைச்சர்கள் மாறுவர், அதிகாரிகள் மாறுவர், ஆட்சியும் மாறும். வாக்கியம் மட்டும் மாறாது. சொன்னவரின் பொறுப்பு அதன் முதற்பாதியோடு முடிந்துவிடுகிறது. செத்தவரின் குற்றம் பிற்பாதியில் தொடங்கிவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் நியாயமான பேச்சு என்பதைக் கொஸ்லந்தவை முன்வைத்துப் பார்க்க விரும்புகிறேன். துணைக்கு அழைப்பது பண்டைய கிரேக்கர்களை. பதுளைத் தோட்டத்துக்கும் ஏதென்ஸுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு சொல் எப்பொழுது இன்னொரு மனிதனைச் செயற்பட வைக்கிறது, எப்பொழுது வெறும் ஒலியாகக் காற்றில் கரைகிறது என்ற கேள்வியைத் தனிக்கலையாக எடுத்து, நூல் எழுதி, அதற்காகச் சண்டையும் போட்டவர்கள் அவர்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில் இருக்கும் சிறு நகரம் கொஸ்லந்த. அதனை அண்டிய மலைச்சரிவில் இருந்தது மீரியபெத்த தோட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மழையில் ஊறிப்போயிருந்த மலை இடிந்து லயன்களின் மேல் விழுந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். திரும்பி வந்தபோது வீடு இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. காணாமற் போனோர் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. புதையுண்டவர்களில் பலரது உடல்கள் கிடைக்கவே இல்லை.

அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அறிவித்திருந்தமை அனர்த்தத்தின் பின்னர் வெளியே வந்தது. முதல் அறிவித்தலுக்கும் மலை விழுந்ததற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். "சொன்னோம்" என்றது அதிகாரத் தரப்பு. "போக இடம் தந்தீர்களா?" என்று கேட்டது தோட்டத் தரப்பு.

இனிக் கிரேக்கர்களிடம் வருவோம். பேச்சுக்கலையின் பிறப்பைப் பற்றி அவர்களிடையே ஒரு மரபுச் செய்தி வழங்கியது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் கொடுங்கோலர் ஆட்சி வீழ்ந்தது. பறிபோன உடைமைகளை மீட்க மக்கள் நீதிமன்றப் படியேறினர். அந்த வேளையில் கொராக்ஸ், திசியாஸ் என்ற இருவர் வழக்காடும் முறையை வகுத்துக் கற்பித்தனர் என்பது அச்செய்தி. ரோமானியரான சிசரோ இதனை அரிஸ்டாட்டிலின் பெயரால் எடுத்துச் சொல்கிறார். ஆக, இந்தக் கலை உடைமை வழக்கில் பிறந்தது. தன் காணியைக் கேட்கப் போனவனுக்காகப் பிறந்தது. காணியுரிமை இல்லாத மக்களின் கதைக்கு இதைத் துணை கொள்வதில் பிழை இருக்க முடியாது.

அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றிய தம் நூலில் ஒரு முக்கியமான தெளிவைத் தருகிறார். எப்படியாவது கேட்போரை வெல்வது இக்கலையின் வேலை அன்று. ஒவ்வொரு விடயத்திலும் இணங்க வைப்பதற்கு என்னென்ன வழிகள் உள்ளன என்று காண்பதே அதன் வேலை. அவ்வழிகள் மூன்று. பேசுபவர் நம்பத் தகுந்தவர் என்ற எண்ணம் ஒன்று. கேட்பவரின் மனநிலை மற்றொன்று. சொல்லப்படும் நியாயம் மூன்றாவது.

மீரியபெத்தவுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். நியாயம் இருந்தது, ஐயமே இல்லை. நிபுணர்கள் மலையைப் படித்துச் சொன்னார்கள்; மலையும் அவர்கள் சொன்னதைச் செய்தது. மற்ற இரண்டும் இருந்தனவா?

பேசியது யார்? அரசு. எந்த அரசு? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய அரசு. அந்தப் பிரச்சினைக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி வைக்க 2003ஆம் ஆண்டு வரை சென்றது. முதல் எச்சரிக்கை வந்ததோ 2005இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் "நீ இங்கே உரியவன் அல்லன்" என்று சொன்ன வாய், அடுத்த இரண்டாண்டில் "இங்கிருந்து எழுந்து போ" என்று சொன்னால், கேட்பவன் அதனை எப்படிக் கேட்பான்? சொன்ன அதிகாரி நல்லவராக இருக்கலாம். நம்பகம் என்பது அன்று காலை ஜீப்பில் வந்திறங்கியவரோடு தொடங்குவதில்லை.

கேட்பவரின் மனநிலைக்கு வருவோம். அச்சத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியுள்ள ஒரு பகுதியை நமது அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். அச்சம் மனிதனைச் சிந்தித்து வழிதேட வைக்கும் என்கிறார் அவர். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தப்பலாம் என்ற நம்பிக்கை சிறிதேனும் இருக்க வேண்டும். வழியே இல்லை என்று தெரிந்த விடயத்தில் எவரும் கூடி ஆலோசிப்பதில்லை.

லயன் அறை தொழிலாளியின் சொத்து அன்று. காணி அரசுடையது, 1990களிலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. அவர் விற்க முடியாது. வேறிடத்தில் தாமாக ஒரு கொட்டிலைப் போட்டுக்கொள்ளவும் முடியாது. தோட்டத்தை விட்டுப் போனால் வேலை போகும். பிள்ளையின் பாடசாலை போகும். அப்படிப்பட்டவரிடம் "மலை விழும், போ" என்று சொல்வது தப்பும் வழியைக் காட்டாமல் அச்சத்தை மட்டும் கொடுப்பதாகும். ஒவ்வொரு மழைக்கும் அந்த அச்சத்தோடு படுத்து, மலை விழாத ஒவ்வொரு காலையிலும் எழுந்து கொழுந்து எடுக்கப் போனவர்களை அறியாமையில் கிடந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் தீர்மானம் இருக்கவில்லை என்பதே உண்மை.

என் வாதத்தின் மையமும் இதுவே. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே பேச்சின் வகை அமையும் என்கிறார் அரிஸ்டாட்டில். வருங்காலத்தில் என்ன செய்வது என்ற பேச்சு, தீர்மானிக்கும் அதிகாரமுள்ள சபையை நோக்கிப் பேசப்பட வேண்டியது. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் இருப்பது போல அவையறிதலுக்கும் ஓர் அதிகாரம் தனியே உண்டு. எந்த அவை என்று அறியாமல் பேசும் பேச்சு வீண். மீரியபெத்தவில் தீர்மானிக்கக்கூடிய அவை லயத்துக்கு வெளியே இருந்தது. மாற்றுக் காணியை விடுவிக்கக்கூடிய அமைச்சு, கம்பனி, மாவட்டச் செயலகம் ஆகியவையே அந்த அவை. இணங்க வைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். எச்சரிக்கையைக் கேளாத காது என்று ஒன்று உண்டாயின், அது அங்கேதான் இருந்தது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. "மண்ணியல் விஞ்ஞானத்துக்குப் பேச்சு அலங்காரம் எதற்கு?" என்று சிலர் கேட்பர். பிளேட்டோவும் ஏறத்தாழ அவர்கள் பக்கமே. அவரது "கோர்கியஸ்" உரையாடலில், புகழ்பெற்ற பேச்சாசிரியரான கோர்கியஸ் ஒரு பெருமை அடித்துக்கொள்கிறார். வைத்தியரான தம் சகோதரருடன் நோயாளிகளிடம் போவதாகவும், மருந்தை மறுத்தவரையும் கத்தி வைக்கச் சம்மதியாதவரையும் வைத்தியரால் இணங்க வைக்க முடியாதபோது தாம் பேசியே இணங்க வைத்ததாகவும் சொல்கிறார். சோக்கிரட்டீஸ் விடவில்லை. அப்படியானால், அறியாத கூட்டத்தின் முன் அறிந்தவனைவிட அறியாதவனே செல்லுபடியாவான் என்றாகிறதே என்று மடக்குகிறார். மருத்துவத்துக்கு முன்னால் சமையற்காரனின் கைவண்ணம் எப்படியோ, நீதிக்கு முன்னால் பேச்சு வண்ணம் அப்படி என்பது அவர் தீர்ப்பு.

சோக்கிரட்டீஸின் அச்சம் மலையகத்துக்குப் புதிதன்று. தேர்தல் மேடைகளில் நாம் எத்தனை சமையலைச் சுவைத்திருக்கிறோம்! ஆயினும் அந்தக் கதையை மறுபக்கமாகவும் படிக்கலாம். அறிந்த வைத்தியர் ஒருவர் இருந்தும் நோயாளி மருந்து குடிக்கவில்லை. அறிவும் நாவும் ஒரே படுக்கையருகே வந்தபோதுதான் குடித்தார். மலையகத்தில் இவை இரண்டும் ஒன்றாக வரவில்லை. அறிவு அறிக்கையாகக் கோப்பில் இருந்தது. நாவு தொழிற்சங்க மேடையில் சம்பளத்தையும் சந்தாவையும் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டும் சேர்ந்த காலம் ஒன்றும் நமக்கு இருந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், 1924இல் "தேசபக்தன்" பத்திரிகையைத் தொடங்கியவர். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக நுழைந்து மக்களின் நிலையை அறிந்தார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடல்களைப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். சட்டத்தையும் கணக்கையும் தொழிலாளியின் மொழிக்குக் கொண்டுவந்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதே வழக்கைச் சட்டசபையில் துரைமாரின் மொழியிலும் பேசினார் நடேசய்யர். இரண்டு அவைகளையும் அறிந்த பேச்சு அது.

சொல் மட்டும் போதுமா என்றால், போதாது. வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதிய ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. கி.மு. 427இல் மித்திலேனே நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. கோபம் தலைக்கேறிய ஏதென்ஸ் சபை, அந்நகரின் ஆண்கள் அனைவரையும் கொல்லும்படி தீர்மானித்துக் கப்பலை அனுப்பியது. மறுநாள் மனம் உறுத்த, சபை மீண்டும் கூடியது. தீர்மானத்தை மாற்றாதே என்றார் கிளியோன். கொல்வதால் ஏதென்ஸுக்கு ஒரு பயனும் இல்லை என்று வாதாடினார் தியோதோத்தஸ். மிகச் சொற்ப வித்தியாசத்தில் வென்றார். ஆனால் கொலைக் கட்டளை ஏறக்குறைய ஒரு பகல் ஓர் இரவு முந்திப் போய்விட்டது. உடனே இரண்டாவது கப்பல் புறப்பட்டது. துடுப்பு வலிப்போருக்கு மாவும் திராட்சை இரசமும் கொடுத்து, முந்திச் சேர்ந்தால் பெரும் வெகுமதி என்று வாக்களித்தார்கள். அவர்கள் வலித்தபடியே உண்டார்கள், முறைவைத்து உறங்கினார்கள். கட்டளை வாசிக்கப்பட்டு நிறைவேறவிருந்த தறுவாயில் கப்பல் சேர்ந்தது. கிளர்ச்சியின் தலைவர்கள் எனப்பட்டோர் கொல்லப்பட்டனர், நகரம் பிழைத்தது.

மித்திலேனேயைக் காத்தது தியோதோத்தஸின் பேச்சு மட்டுமன்று. பேச்சைத் தொடர்ந்து போன கப்பலுந்தான். 2005இலும் 2011இலும் கொஸ்லந்தவுக்குத் தேவைப்பட்ட கப்பல் எது? சமதரையில் ஒரு துண்டுக் காணியும் சில டசின் வீடுகளும். மலை விழுந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2016இல், பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. கட்ட முடியும் என்பதை அந்த வீடுகளே நிரூபித்துவிட்டன. மலை விழுவதற்கு முன் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குத்தான் இன்னமும் விடையில்லை.

பாடம் படித்தோமா? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து லயன் வீடுகள் சேதமடைந்தன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. தமிழில் எச்சரிக்கைகள் போதிய அளவில், உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். அவையறிதலின் முதற்பாடம், அவையின் மொழி. அந்தப் பாடத்திலேயே நாம் இன்னும் நிற்கிறோம்.

நிபுணர்களைக் கசாண்ட்ராவுக்கு ஒப்பிடுவது பத்திரிகையாளரின் வழக்கம். வருவதை அறியும் வரமும், சொன்னால் எவரும் நம்பாத சாபமும் பெற்றவள் அவள். அந்த ஒப்புமையை நான் ஏற்கவில்லை. கசாண்ட்ராவின் சாபம் தெய்வம் இட்டது. நமது எச்சரிக்கைகள் பலிக்காமற் போவதற்கு எந்தத் தெய்வமும் பொறுப்பில்லை. எஸ்கிலஸின் "அகமெம்னோன்" நாடகத்தில் எனக்கு நினைவு வருவது கசாண்ட்ரா அல்லள்; முதியோர் குழு. அரண்மனைக்குள் அரசன் வெட்டுப்பட்டு அலறுகிறான். வெளியே நிற்கும் முதியோர் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். உடனே உள்ளே புகுவோம் என்கிறார் ஒருவர். நிச்சயமாகத் தெரியாமல் எப்படி என்கிறார் இன்னொருவர். கருத்துகள் முடியும்போது கதவு திறக்கிறது, பிணம் கிடக்கிறது.

ஆகவே இனி ஓர் எச்சரிக்கை எச்சரிக்கை எனப்பட வேண்டுமாயின், அது தமிழில் இருக்க வேண்டும். தோட்ட மக்கள் நம்பும் ஒருவர் வாயால் வர வேண்டும். போக வேண்டிய இடத்தின் பெயர் அதில் இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தர வேண்டியவரின் பெயரும், தர வேண்டிய திகதியும் அதே தாளில் இருக்க வேண்டும். இவை இல்லாத அறிவித்தலைக் கொடுத்துவிட்டு "மக்கள் கேட்கவில்லை" என்று எவராவது சொன்னால், செய்தி மேசையில் இருக்கும் இளைய நண்பர்கள் அவரிடம் உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எங்கே போகச் சொன்னீர்கள்?"