அலைவரிசைக்கும் பாடுமுறை வேண்டும்

எமது கீழ்க்கரையிலே கரைவலை இழுப்போரிடம் ஒரு முறை உண்டு. ஒரே பாட்டிலே இரு சம்மாட்டிமார் ஒரே வேளையில் வலை வளைப்பதில்லை. ஒருவருடைய மடி கரையேறிய பின்னரே மற்றவருடைய தோணி இறங்கும். முறை தவறினால் இருவருக்கும் மீனில்லை. கயிறும் வலையும் சிக்கிக் கிழிவதே மிச்சம். திரியாயிலும் குச்சவெளியிலும் உள்ளோருக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

இன்று நாம் எழுத வந்தது கண்ணுக்குப் புலனாகாத இன்னொரு கடலைப் பற்றி. மோட்டார் வாகனங்கள் தம்முள் பேசிக்கொள்ளும் காலம் பிறந்துவிட்டது. தான் நிற்கும் இடம், போகும் வேகம், திரும்பும் திசை ஆகியவற்றை வாகனம் செக்கனுக்குப் பத்துத் தடவை வரையில் வானொலி அலை மூலம் அறிவிக்கும். வளைவுக்கு அப்பால் வரும் லொறியைச் சாரதி காணுமுன்னரே அவனுடைய வாகனம் அறியும். உயிர் காக்கும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. இதற்கென உலகின் பல நாடுகள் 5.9 கிகாஹேர்ட்ஸ் என்னும் அலைவரிசையை ஒதுக்கியுள்ளன.

தகராறு அங்கேதான் தொடங்குகிறது. இப்பேச்சுக்கு நியமங்கள் இரண்டு. வைஃபை வழி வந்த நியமம், முதலிற் காது கொடுத்துக் கேட்கும். வெளி அமைதியாயிருந்தாற் பேசும். கைத்தொலைபேசி வழி வந்த நியமமோ நேரத்தை ஆயிரத்திலொரு செக்கன் துண்டுகளாக வெட்டி, முன்கூட்டியே தனக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டு அந்தக் கணம் வந்ததும் பேசும். தனித்தனியே இரண்டும் நல்ல முறைகளே. ஒரே அலைவரிசையில் விட்டாலோ ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல். கேட்டுப் பேசுபவன், இடைவெளி கிடைக்காது வாய்மூடிக் காத்திருப்பான். அல்லது வெறுமையான துண்டொன்றிலே பேசத் தொடங்கி, மற்றவனுடைய துண்டுக்குள்ளும் நுழைந்து இரண்டையும் குழப்புவான். வாகன நெரிசல் மிகுந்த இடத்திலே, அதாவது எச்சரிக்கை மிகத் தேவையான இடத்திலேயே, இக்குழப்பமும் மிகும்.

பணக்கார நாடுகள் இதை எவ்விதம் தீர்த்தன? அமெரிக்கா 1999இல் 75 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை வாகனப் பேச்சுக்கென ஒதுக்கியது. இருபது ஆண்டுகளாக அதன் பெரும்பகுதி தரிசு நிலமாய்க் கிடந்தது. 2020 நவம்பரில் அந்நாட்டு ஆணைக்குழு 45ஐ எடுத்துப் பொது வைஃபைக்குக் கொடுத்தது; எஞ்சிய 30ஐக் கைத்தொலைபேசி நியமத்துக்கு வைத்தது. 2024இல் இறுதி விதிகளும் வந்து, பழைய நியமத்துக்குக் கெடுவும் விதிக்கப்பட்டது. முன்னதை நம்பி வீதியோரங்களிற் கருவி நாட்டியவர்களின் பணம் போனது போனதுதான். ஐரோப்பாவிலே வைஃபை நியமத்தின் பக்கம் சாய்ந்திருந்த ஆணையகத்தின் விதியை, 2019 ஜூலையில் உறுப்பு நாடுகளின் மன்றம் தள்ளுபடி செய்தது. நேரத்தைப் பங்கிட்டு இரு நியமங்களுக்கும் முறை வைக்கலாமா என அங்குள்ள பொறியியலாளர் ஆராய்ந்தனர். பாடுமுறையன்றி அது வேறென்ன? சீனா 2018இலேயே 20 மெகாஹேர்ட்ஸைக் கைத்தொலைபேசி நியமத்துக்கெனக் கொடுத்து வழக்கை முடித்துவிட்டது.

நமக்கென்ன என்று வாளாவிருக்க முடியாது. 2020இல் தடைசெய்யப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. ஜப்பானில் ஓடித் தேய்ந்த வாகனங்கள் நம் வீதிகளில் எத்தனை என்பதை யாவரும் அறிவர். ஜப்பானோ இப்பேச்சுக்கு 760 மெகாஹேர்ட்ஸை அண்டிய இடத்தைக் கொடுத்த நாடு. 2015 முதல் சில டொயோட்டா வாகனங்கள் இக்கருவியுடனேயே விற்பனைக்கு வந்தன. ஆசிய-பசிபிக் 700 மெகாஹேர்ட்ஸ் திட்டத்திலோ அவ்விடத்தின் பெரும்பகுதி தொலைபேசிக் கோபுரங்கள் பேசுமிடம். துறைமுகத்திலே புகைச் சான்றிதழைப் பார்க்கும் கண், இதையும் பார்க்க வேண்டாமா?

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் அலைவரிசையை ஆளும் பொறுப்பைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்துள்ளன. அலைவரிசை எவருடைய முதுசமுமன்று, பொதுச்சொத்து. குளத்து நீரைத் திறக்குமுன் கமக்காரரைக் கூட்டிக் கேட்பது இந்நாட்டு வழக்கம். அலைவரிசையைத் திறக்குமுன் மட்டும் கூட்டம் எதற்கு என்பாரும் உளர். அவர்கள் பெரும்பாலும் வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர்கள்!

நீதிமன்றம் ஏறி இறங்கும் நமக்கு வேறொரு பயமும் உண்டு. புல்மோட்டை வீதியிலே இரவில் நெல் மூட்டையுடன் வரும் லான்ட்மாஸ்டருக்கு இக்கருவி இல்லை. சைக்கிளுக்கு இல்லை, எருமைக்கும் இல்லை. நாளை விபத்து நேர்ந்தால், “என் வாகனம் எச்சரிக்கவில்லை, ஆகவே நான் குற்றவாளியல்லேன்” என்று சாரதி வாதாடுவான். கருவி இல்லாத கமக்காரன்மீதே கவனயீனம் சுமத்தப்படும். சாரதியின் கவனக்கடமையை எந்தக் கருவியும் குறைக்காது என்பதை மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுவே. வாகனங்கள் வந்து குவியுமுன் ஒரு நியமத்தையோ, இரண்டுக்கும் வேறு வேறு இடத்தையோ ஆணைக்குழு தீர்மானிக்கட்டும். அதுவரை வீதியோரக் கருவிகளுக்குப் பொதுப்பணம் செலவாகலாகாது. தீர்மானிக்குமுன் பகிரங்க விசாரணை நடைபெறட்டும். அதன் அறிவித்தல் தமிழிலும் வரட்டும். தமிழும் ஆட்சிமொழி என 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. விசாரணையின் ஓர் அமர்வு திருகோணமலைக் கச்சேரியில் நடக்குமாயின், திரியாய்க் கமக்காரரை அழைத்துவர நாம் ஆயத்தம்.