குடிக்கூலியும் நீதிமன்றமும்

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த மணிமங்கலத்தில் இன்று குடிக்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. பல்லவரும் சாளுக்கியரும் பொருத களம் என வரலாறு கூறும் அவ்வூர், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அணித்தே உள்ளது. தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வருவோர் அங்கே அறை எடுத்துத் தங்குகின்றனர். வீடு விடுவோர் உள்ள ஊரில், வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் இருப்போரும் இருக்கத்தானே செய்வர்! வழக்குத் தொடுத்து, வாய்தா தோறும் நடந்து அலுத்த வீட்டுக்காரர்கள் ஆலிம்களை நாடி இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். மற்றொருவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது பாவமா? தீர்ப்புக் கிடைத்துவிட்டால் மறுமையில் விசாரணை இல்லையா?

முதற் கேள்விக்கு விடை எளிது. தன் ஹக்கைக் கேட்டு நீதிபதியிடம் செல்வது பாவமன்று. வசதி இருந்தும் கடனைத் தவணை சொல்லி இழுத்தடிப்பது அநீதம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். குத்தகைக் காலம் முடிந்த பின்னும், வழக்கு முடியப் பல்லாண்டு ஆகும் என்ற துணிவில் பிறர் வீட்டில் அமர்ந்திருப்பவர் அபகரிப்பாளரே. அவர் அங்கு தொழும் தொழுகையைப் பற்றியும் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன என்பதை அவர் அறிவாராக.

இரண்டாம் கேள்விதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. தாமும் மனிதரே என்றும், வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரினும் வாதத்திறன் மிக்கவராக இருக்கலாம் என்றும், செவியுற்றதைக் கொண்டு தாம் தீர்ப்பளிப்பதால் சகோதரனின் உரிமை ஒருவனுக்குப் போய்விடுமாயின் அவன் பெறுவது நெருப்பின் துண்டே என்றும் அண்ணலார் எச்சரித்ததை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது எனும்போது, நம் ஊர் நீதிமன்றத்தின் முத்திரை எம்மாத்திரம்? சொந்தத் தேவை என்று பொய்யாக மனுச் செய்து, காலி செய்வித்த மறு மாதமே கூடுதல் வாடகைக்கு விடுபவரும், கொடுத்த வாடகையை வாங்கவில்லை என்று சாதிப்பவரும் இதைச் சிந்திப்பார்களாக.

இனி, தர இயலாதவர் நிலை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. மாதச் சம்பளம் நின்றால் மாத வாடகை எங்கிருந்து வரும்? கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. அது முஸ்லிம் கடனாளிக்கு மட்டும் என்று வரையறுக்கப்படவில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்குவோருக்கும் அது உரியதே.

வியப்பு என்னவெனில், நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தது. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேண்டுமென்றே செய்யாத பாக்கியாயின் அதைச் செலுத்தப் பதினைந்து நாட்களுக்கு மிகாத அவகாசம் தர இடமளித்தது. எது வேண்டுமென்றே செய்த பாக்கி என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபஸல் அலி. அறிந்தே, மனமாரச் செய்யும் தவறுதான் அவ்வாறு கொள்ளப்படும் என்பது அதன் சாரம். அச்சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் அது கோருகிறது. கடனை எழுதி வைக்கச் சொன்ன திருமறையை ஓதும் நாம், வாய்ச்சொல்லை நம்பி வீட்டை விட்டுப் பின்னர் வழக்கறிஞரைத் தேடுவது விந்தையே.

எனினும் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். அவகாசம் ஏறிவிட்ட பாக்கிக்கே அன்றி, வீட்டை மேலும் இலவசமாகத் தந்துகொண்டே இருப்பதற்கன்று. வாடகையே ஜீவனமாக உள்ள விதவைகளும் வீட்டுக்காரர்களில் உண்டு. பாக்கியைப் பின்னர் தரலாம், வீட்டை இப்போது ஒழித்துத் தாருங்கள் என்று கேட்பது கொடுமை ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் தண்ணீரை நிறுத்துவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், குழந்தைகள் உள்ளிருக்கப் பூட்டுப் போடுவதும் அநியாயம், சட்டத்திலும் குற்றம்.

நீதிமன்றத்துக்கு முன் ஜமாஅத் பெரியவர்கள் சமரசம் பேசுவது நன்றே. பள்ளிவாசலில் கஅப் இப்னு மாலிக் (ரலி) தம் கடனாளியிடம் உரத்துப் பேசியபோது, நபியவர்கள் திரையை விலக்கிப் பாதியைத் தள்ளுமாறு சைகை செய்தார்கள். கஅப் உடனே இசைந்தார். பின்னர் கடனாளியை நோக்கி, எழுந்து மீதியைச் செலுத்தப் பணித்தார்கள். நம் பஞ்சாயத்துகளில் முதற்பாதி மட்டுமே நிறைவேறுகிறது. வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கிறார், மற்றவர் எழுவதே இல்லை! அதனால்தான் மக்கள் நீதிமன்றப் படியேறுகின்றனர்.

வராத வாடகையைத் தள்ளுபடி செய்து, அதையே தம் ஜகாத்தாக எழுதிக்கொள்ளும் வழக்கமும் சிலரிடம் காணப்படுகிறது. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின்படி அது ஜகாத் ஆகாது. கடனில் மூழ்கிய முஸ்லிமுக்கு ஜகாத்தை அவர் கையில் நிபந்தனையின்றிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து அவர் தாமாக முன்வந்து பாக்கியைத் தீர்த்தால் பெற்றுக்கொள்ளலாம்.