புல்லட்டுக்கு விடை கொடுத்தேன்

சென்ற மாதத்தில் ஒரு நாள் காலை, 46 வருஷ காலம் எனக்கு உழைத்த மோட்டார் சைக்கிளின் சாவியைக் கூடத்து மேஜை மேல் வைத்து, "இனிமேல் நான் இதை ஓட்டப் போவதில்லை" என்று வீட்டாருக்கு அறிவித்தேன். ராஜ்யத்தைத் துறந்து வனத்துக்குப் புறப்படும் மகாராஜாவின் தோரணை என் குரலில் இருந்ததாக எனக்கு எண்ணம். அரண்மனையில் அழுகுரல் எழும் என்று சிறிது நேரம் காத்திருந்தேன். ஒன்றும் எழவில்லை. "அப்பாடா!" என்றாள் என் சகதர்மிணி. "நிஜமாகத்தானா, மாமா?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள் மருமகள். பேரன் மட்டும் பேசாமல் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது துக்கத்தினாலா, ஆசையினாலா என்று நான் ஆராயப் புகவில்லை.

வாகனம் நேயர்களுக்குத் தெரிந்ததுதான், என்ஃபீல்டு புல்லட். பிறப்பிடம் இங்கிலாந்து. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்னும் சென்னைக் கம்பெனி, அதன் சீமைச் சொந்தக்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பாகங்களையும் நாமே செய்யலானோம். 1970-ம் ஆண்டோடு சீமையில் அந்தக் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்வது நின்றே போயிற்று, திருவொற்றியூரில் நிற்கவில்லை. குரு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார். சிஷ்யன் விடாமல் நடத்தினான்! 1978-ல் நான் கடன் வாங்கிப் புல்லட் வாங்கியதற்கு இந்தத் தேசாபிமானமே காரணம் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மீசைக்குப் பொருத்தமாயிருந்தது என்பதே உண்மைக் காரணம்.

அவசியமும் இல்லாமல் போகவில்லை. புதுச்சத்திரத்துக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்திலிருந்து, நான் கணக்கு உபாத்தியாயராக இருந்த பள்ளிக்கூடம் 14 கிலோமீட்டர் தூரம். நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. 1997-ல்தான் தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் ஆபீஸில் ஒரு மனுக் கொடுக்க வேண்டுமானாலும் சேலத்துக்கே போயாக வேண்டும். மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு பஸ் நிலையத்தில் கொசுக்களுக்கு விருந்து. புல்லட் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. நிலக்கடலைக் காட்டையும் மரவள்ளித் தோட்டத்தையும் தாண்டி, ஜவ்வரிசி காயும் வெள்ளைக் களங்களைத் தாண்டி, முட்டை ஏற்றிய லாரிகளுக்கு வழி விட்டு, நினைத்த நேரத்தில் போய் நினைத்த நேரத்தில் திரும்பினேன். அரை இராத்திரியில் பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்காக மருத்துவச்சியை அழைத்து வந்ததும் அந்த வண்டியிலேதான். கிராமத்தில் ஒருவனிடம் வண்டி இருந்தால் அது ஊருக்கே சொந்தம்.

புல்லட்டைக் கிளப்புவது ஒரு தனி வித்தை. நெம்புகோலை அமுக்கி இயந்திரத்தின் மூச்சைச் சிறிது வெளியே விட வேண்டும். முகப்பில் உள்ள சிறு முள் நடுவிலே வந்து நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் ஒரே உதை. முகூர்த்தம் தவறினால் உதைகோல் திருப்பி உதைக்கும். என் வலது முழங்காலுக்குக் கீழே அதன் கையெழுத்துக்கள் நாலைந்து இருக்கின்றன. பழைய புல்லட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. வலக் காலில் கியர். இடக் காலில் பிரேக். மற்ற வண்டிகளுக்கு இது நேர்மாறு. ஆகையால் என் வண்டியை இரவல் கேட்கிறவர்கள் மிகச் சிலரே. இதை ஒரு பெரும் பாக்கியமாகவே கருதி வந்தேன்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருஷங்களாக என் வண்டியில் ஓர் அதிசயம் நடந்து வந்தது. புல்லட்டில் ஏறியவர்களுக்குத் தெரியும்: கால் வைக்கும் கட்டை உள்ளங்காலில் சதா நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் வர வரக் குறைந்தது. பிறகு ஏறக்குறைய மறைந்தே விட்டது. ராசிபுரத்தில் வண்டி பழுது பார்க்கும் பையனின் கைத்திறமை என்று முடிவு செய்து, கூலிக்கு மேல் 100 ரூபாய் வெகுமதியும் கொடுத்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கிக்கொண்டான்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், எங்கள் ஊருக்கு இரண்டு மைல் முன்னால், நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு சாலையின் குறுக்கே ஓடி வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தேன், அப்போதும் நிற்கவில்லை. கைப் பிரேக்கைப் பிடித்து, சாலையோரத்து மண்ணில் இறக்கி, எப்படியோ நிறுத்திய பிறகு குனிந்து பார்த்தேன். என் இடக் கால் பிரேக்கின் மேல் இல்லை. கால் கட்டையை மிதித்துக்கொண்டிருந்தது! பிரேக்கை மிதிப்பதாக நான் நினைத்தேன். காலும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தது.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. ஆட்டுக்குட்டிக்கும் இல்லை. குழந்தையின் பாட்டி ஓடி வந்து அதை வாரி எடுத்துக்கொண்டு, "ஏனுங்க பெரியவரே, பார்த்துப் போகக் கூடாதுங்களா?" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த 'பெரியவரே'க்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே, எதற்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயதானவர்கள் இந்தச் சமாதானத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒன்றும் நடக்காத வரையில் ஒன்றும் நடக்கவில்லை என்பது வாஸ்தவந்தான்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தடவையில் ஐந்து வருஷத்துக்குத்தான் லைசென்ஸ். 40 வயது தாண்டியவர்கள் வைத்தியரின் அத்தாட்சியும் கொண்டு போக வேண்டும். எனக்கு வயது 74. என்னிடம் படித்த மாணாக்கர் ஒருவர் இப்போது நாமக்கல்லில் வைத்தியராயிருக்கிறார். கையெழுத்து ஒரு நிமிஷ வேலை என்று நம்பிப் போனேன்.

அவர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு, "பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி இருக்கிறதே, ஸார், காலையும் பார்த்து விடுகிறேன்" என்றார். மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் இங்கும் அங்கும் அழுத்தினார். சில இடங்களில் தெரிந்தது. பல இடங்களில் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் எடுத்த கருவியைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் இருக்கும் இசைக்கவை! அதைத் தட்டி என் கால் கட்டை விரலில் வைத்தார். "நடுக்கம் தெரிகிறதா, ஸார்?" என்று கேட்டார்.

தெரியவில்லை. அதையே என் மணிக்கட்டில் வைத்தார். கிண்ணென்று தெரிந்தது.

ராசிபுரத்துப் பையனுக்கு நான் கொடுத்த 100 ரூபாய் அப்போது ஞாபகம் வந்தது. வண்டியின் நடுக்கம் குறையவே இல்லை. குறைந்தது என் காலின் உணர்ச்சி!

வைத்தியர் விளக்கினார். உடம்பின் நரம்புகளில் மிக நீளமானவை காலுக்குப் போகிறவை. நெடுநாள் சர்க்கரை வியாதியில் முதலில் கெடுவது அவற்றின் நுனியே. கைக்கு அந்தத் தீங்கு பிந்தித்தான் வரும். பலருக்கு எரிச்சலும் குத்தலும் முன்னறிவிப்பாக வருவதுண்டு. சிலருக்கு வலியே இல்லாமல் சந்தடியின்றி வந்து குடியேறிவிடும். அப்புறம் கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அப்படியானால் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு பிரேக்கும் கையில்தானே?" என்று வாதாடினேன். கணக்கு வாத்தியார் அல்லவா? அவர் பொறுமையாகக் கேட்டார். "ஓடுகிற வண்டியைக் கை பிடித்துக்கொள்ளும், ஸார். நிற்கிற வண்டியைக் கால்தானே பிடிக்க வேண்டும்? கல் மேல் ஊன்றினோமா, குழியில் ஊன்றினோமா என்று உங்கள் காலுக்குத் தெரியாது. கழுத்தும் பாதிதான் திரும்புகிறது. இரத்த அழுத்த மாத்திரையினால் எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என்றும் சொன்னீர்கள். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிடலாம். உங்கள் கால் போடாதே!" என்றார்.

இந்தப் பிள்ளைக்கு ஒரு காலத்தில் நான் கணக்கில் மார்க்குக் குறைத்தது உண்டு. அதற்குப் பழி வாங்குகிறானோ என்று ஒரு கணம் தோன்றியது. மறு கணம் அந்தப் பெண் குழந்தையின் முகம் கண் முன் நின்றது. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,000-க்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். அவர்கள் எல்லாரும் கிழவர்கள் அல்ல. வேகமும் போதையும் வாலிபத்தின் குற்றங்கள். ஆனால் வாலிபனுக்கு அடி பட்டால் எலும்பு கூடும். நம் வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் கட்டிலே கதி. அதையாவது நம் தலையெழுத்து என்று ஏற்றுக்கொள்ளலாம். குறுக்கே வருகிற குழந்தையின் தலையெழுத்தை எழுத நாம் யார்?

வண்டி ஓட்டுவதில் கடைசியாகக் கற்க வேண்டிய பாடம், சமயத்தில் நிறுத்துவது. எதிரே பள்ளம் வந்த பிறகு பிரேக் போடுகிறவனை நல்ல ஓட்டி என்று யாரும் சொல்வதில்லை. ஓட்டுவதையே நிறுத்தும் விஷயத்திலும் அப்படித்தான்.

ஆனால் வீட்டில் உள்ள இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர் தூங்கும்போது சாவியை ஒளித்து வைப்பது பரிகாரமல்ல. அவருக்கு அது வெறும் சாவி அல்ல. யாரையும் எதிர்பாராமல் வைத்தியரிடமும் பாங்குக்கும் போய் வரும் உரிமை. ஒன்றை எடுத்தால் மற்றொன்றைக் கொடுக்க வேண்டும். ஜப்பான் தேசத்தில் 1998 முதல் முதியவர்கள் தாமாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி ஏற்படுத்தியிருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தவர்களுக்கு மரியாதையாக ஓர் அத்தாட்சி வழங்குகிறார்கள். அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் கட்டணச் சலுகை உண்டு. நம் வீடுகளில் அத்தாட்சி வேண்டாம். "வியாழக்கிழமை நாமக்கல் போக வேண்டுமே, நான் வருகிறேன்" என்று பெரியவர் கேட்கு முன் மகன் சொன்னால் போதும்.

வண்டியை விற்கவில்லை. பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கிளப்பி வைக்கிறான். முதல் நாள் உதைகோல் அவனைத் திருப்பி உதைத்தது; முறைப்படி தீட்சை ஆயிற்று. நான் அருகில் போய்ப் பெட்ரோல் டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பழைய நடுக்கம் சிறிதும் குறையாமல் அப்படியே இருந்தது.

போன வியாழனன்று நானும் என் மனைவியும் டவுன் பஸ்ஸில் நாமக்கல்லுக்குப் போனோம். 2021-ல் ஏற்பட்ட திட்டப்படி அவளுக்குக் கட்டணமில்லாத டிக்கெட். நான்தான் காசு கொடுக்க வேண்டியிருந்தது. "இத்தனை வருஷம் உங்கள் வண்டியில் ஓசியில் வந்தேன், இப்போதும் ஓசிதான்" என்று சிரித்தாள். ஜன்னலோரத்தில் என்னை உட்கார வைத்தாள். இடப் பக்கத்தில் கொல்லிமலை நீல நிறமாக நீண்டு கிடந்தது. உச்சியில் மேகம் தங்கியிருந்தது.

"மலை இவ்வளவு கிட்டவா இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியத்துடன் பார்த்தாள். 46 வருஷமாக வண்டியின் பின்னால் இடப் பக்கம் பார்த்தே உட்கார்ந்து வந்தவள் அல்லவா? "ஏனுங்க, இது எப்போதும் இங்கேதானே இருக்கிறது? நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்றாள்.