தூக்கிப் போட்டுக் கிளம்பு!

"ஏன்யா பார்த்துக்கிட்டே நிக்கிற? தூக்கிப் போட்டுக் கிளம்பு!"

ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் யார் பைக்கிலிருந்து விழுந்தாலும் இந்த டயலாக் நிச்சயம். சொல்பவர் டாக்டர் இல்லை, டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்த நாட்டாமை. திட்டு வாங்குபவர் 108ல் வந்த டெக்னீஷியன். தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பிச்சது 2008ல. இன்னமும் நம்ம மக்களுக்கு அது சைரன் வெச்ச டாக்ஸி. இதுல தான் எனக்குக் கடுப்பே.

அந்தாளு சும்மா நிக்கலை மக்களே. கழுத்தை அசையாமப் பிடிச்சு, மூச்சு பார்த்துட்டு, மண்டைக்கு வர்றார். கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறாரா, இல்லை வலிச்சாத்தானா? பேச்சு கோர்வையா இருக்கா? கையைத் தூக்கச் சொன்னா தூக்குறாரா? கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 மார்க். 1974ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட்னு ரெண்டு டாக்டர்கள் போட்ட கணக்கு. இதில் பூஜ்யமே கிடையாது, குறைஞ்சது 3. மொத்தம் 8 அல்லது அதுக்குக் கீழேன்னா பலத்த காயம். அப்புறம் டார்ச் அடிச்சு ரெண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குதான்னு பார்க்கணும்.

எங்கே கொண்டு போறதுங்கற முடிவே இதை வெச்சுத்தான். பக்கத்து ஜிஹெச் போதுமா, இல்லை 80 சொச்சம் கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கே போகணுமா? "தாமதமாகுதே"ம்பீங்க. சரி, மூளை ஆபரேஷன் இல்லாத இடத்துக்கு அவசரமாப் போய், அங்கிருந்து ரெஃபர் ஆகி, மறுபடி வண்டி ஏறினா அது தாமதம் இல்லையா? முதல் மார்க் குறிச்சு வெச்சாத்தான், 15 அரைமணியில் 13 ஆச்சுன்னு அடுத்த டாக்டருக்குத் தெரியும். லாக் இல்லாம பக் தேடச் சொன்னா நாம ஆபீஸ்ல என்ன குதி குதிப்போம்?

இன்னொரு வகை நாட்டாமை இதைவிட மோசம். "ரத்தமே வரலையே, ஒரு சோடாவைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போப்பா!" போன பொங்கலுக்கு ஊர்ல பார்த்தேன். மொபெட்டில் விழுந்த பெரியவர் "வண்டி எங்கே?"ன்னு நாலு தடவை கேட்டார், நாலு தடவையும் புதுசாக் கேட்கிற மாதிரி. டெக்னீஷியன் தம்பி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரான்னு விசாரிச்சா, சொந்தக்காரர் "ஒண்ணுமில்ல, நீ கிளம்பு"ங்கறார். தம்பி அசராம ஏத்திட்டுத்தான் போனார்.

2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குல விழுந்தார். எழுந்தார், சிரிச்சுப் பேசினார். வந்த ஆம்புலன்ஸ் அவரைப் பார்க்காமலே திரும்பிடுச்சு. கொஞ்ச நேரத்தில் தலைவலி. ரெண்டு நாள்ல இறந்துட்டார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தக்கசிவு. வயசு 45. அடிபட்டது தலையில்னா, "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்றதும் அதே தலைதானே?

பேண்டேஜ் துணிக்குப் பேர் போன சத்திரப்பட்டி நம்ம ராஜபாளையம் பக்கத்துலதான் இருக்கு. வெளியே கொட்டுற ரத்தத்துக்கு அது போதும். உள்ளே கசியறதுக்கு?

"குடிச்சிருக்கான், தெளிஞ்சா எந்திரிப்பான்" கோஷ்டியும் உண்டு. போதையா, மூளைக்காயமான்னு மூக்கை வெச்சுச் சொல்ல முடியாதுங்க. குடிச்சவனுக்குத்தான் ஸ்கேன் இன்னும் அவசியம்.

செலவு, போலீஸ்னு பயப்படறவங்களுக்கு: 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். உதவி பண்றவரைப் பாதுகாக்க 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் 134ஏ பிரிவே இருக்கு.

டிஸ்கி: "நீ என்ன டாக்டரா?"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: இல்லைங்க, ஆணி புடுங்குற ஆசாமிதான். அந்த நாட்டாமையும் டாக்டர் இல்லை.